வேலைக்குப் போனால்தான் வைத்தியமா? கம்பம் பள்ளத்தாக்கில் கணக்கில் வராத நாட்கள்

"கை கால் நல்லா இருக்கிறவன் வேலைக்குப் போகட்டும். வேலைக்கே போகாதவனுக்கு எதுக்கு ஓசி வைத்தியம்?"

டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்து டி.வி. விவாதம் வரைக்கும் அடிக்கடி காதில் விழுகிற வசனம் இது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். உழைக்கிறவர் வரி கட்ட, உழைக்காதவர் அனுபவிப்பதா என்று யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் இந்த வசனத்துக்குள் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. வேலை செய்கிறவர் யார், செய்யாதவர் யார் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும் என்கிற பொய்! அரசாங்கத்துக்குத் தெரிவது காகிதம் மட்டும்தான். காகிதத்தில் இருக்கிற வேலைதான் வேலை. மற்றதெல்லாம் சும்மா இருந்தது என்று கணக்கு. இந்த வசனம் சட்டமாக மாறும்போது அடி வாங்குவது சோம்பேறி இல்லை, காகிதம் இல்லாத உழைப்பாளி. சந்தேகம் இருப்பவர்கள் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தால் போதும்.

முதலில் அமெரிக்கா

அங்கே ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவிக்கு மெடிக்கெய்டு என்று பெயர். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் ஒன்று, அந்த உதவியைப் பெறும் 19 முதல் 64 வயதுக்காரர்களில் ஒரு பெரும்பகுதியினர் மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, சமூக சேவையோ செய்ததாகக் காட்ட வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை அமல்படுத்தக் கடைசிக் கெடு 2027 ஜனவரி 1. விலக்குகளும் உண்டு. கர்ப்பிணிகள், 13 வயது வரை உள்ள குழந்தையை வளர்ப்பவர்கள், கடும் நோயாளிகள் என்று ஒரு பட்டியல். இந்த நிபந்தனையால் மட்டும் 2034-க்குள் 50 லட்சம் பேருக்கு மேல் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டிருக்கிறது.

இது புதுச் சோதனையும் இல்லை. 2018-இல் ஆர்கன்சா மாநிலம் இதைச் செய்து பார்த்தது. சில மாதங்களிலேயே 18,000 பேருக்கு மேல் மருத்துவ உதவியை இழந்தார்கள். அத்தனை பேரும் சோம்பேறிகளா? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. அந்த விதிக்குள் வந்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே நிபந்தனையைப் பூர்த்தி செய்தவர்கள், அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள். வேலைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கையும் கூடவில்லை. பிறகு எப்படி இத்தனை பேர் விழுந்தார்கள்? மாதாமாதம் இணையதளத்தில் போய்ப் பதிய வேண்டும். அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத் திறக்கும்! இணையதளத்துக்கே ஆபீஸ் நேரம் வைத்த புண்ணியவான்கள். 2019 மார்ச்சில் ஒரு நீதிபதி அந்தத் திட்டத்தை நிறுத்தினார்.

வேலையைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு படிவம் நிரப்பும் திறமையைச் சோதித்தார்கள். அதுதான் அங்கே நடந்தது.

"அது அமெரிக்கா பிரச்சினை, இங்கே என்ன?" என்று கேட்கலாம். இங்கே வேலை நாளோடு வைத்தியத்தை முடிச்சுப் போட்டு எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பெயர் இ.எஸ்.ஐ.

78 நாள் கணக்கு

தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948-இல் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். அதில் சந்தேகமே வேண்டாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இது 2019 ஜூலையிலிருந்து உள்ள விகிதம்.

நிபந்தனை எங்கே இருக்கிறது? வருடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், பிற்பாடு வரும் ஆறு மாதப் பலன் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. மகப்பேறு உதவிக்கு முந்தைய இரண்டு காலங்களில் 70 நாள். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு உதவித்தொகை நீட்டிக்கப்பட வேண்டும் என்றால் இரண்டு வருடத் தொடர் வேலையும் நான்கு காலங்களில் 156 நாளும் வேண்டும். வைத்தியமும் இதோடு சேர்ந்ததுதான். சந்தா கட்டுகிற காலத்திலும், இப்படித் தகுதி இருக்கிற காலத்திலும் கிடைக்கும். வேலை போய்விட்டால் சில மாதங்களில் வைத்திய உரிமையும் போய்விடும்.

ஆறு மாதத்தில் 78 நாள் என்பது ஏறக்குறைய பாதி வேலை நாள். ஆண்டிபட்டி பக்கம் ஒரு நூற்பாலையில் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இது பெரிய கஷ்டம் இல்லை. நாள் தானாக ஏறிவிடும். நடுவில் மில் மாறினாலும் காப்பீட்டு எண் ஒன்றுதான், நாட்கள் சேர்ந்துகொள்ளும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு இந்த 78 ஒரு சின்ன வேலி. அதில் இல்லாதவருக்கு அது மதில்.

மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் யார்?

ஜீப்பில் ஏறுகிறவர்கள்

விடிவதற்கு முன்பே கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி சுற்றுவட்டார ஊர்களில் ஜீப்புகள் நிற்கும். பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நெருக்கி ஏறுவார்கள். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக மலை ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். களை எடுப்பு, காய் எடுப்பு, மருந்தடிப்பு நடக்கிற தோட்டத்திலேயே மற்ற வேலைகள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். ஆண்டாண்டு காலமாக நடக்கிற விஷயம் இது. அந்த மலையில் விளைகிற ஏலக்காய்க்குப் பின்னால் இந்தப் பள்ளத்தாக்கின் கை இருக்கிறது.

இவர்களுக்கு வேலை நிபந்தனை என்று ஒன்று வைத்தால் முதல் வரிசையில் பாஸ் ஆக வேண்டியவர்கள் இவர்கள்தான். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்று: இ.எஸ்.ஐ. சட்டம் 10 பேராவது வேலை செய்கிற ஆலைகளுக்கும், அறிவிக்கப்பட்ட கடை, ஹோட்டல் போன்ற நிறுவனங்களுக்கும்தான் போய்ச் சேர்ந்தது. தோட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை.

இரண்டு: தோட்டத்துக்குத்தான் தனிச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவது முதலாளி கடமை என்றது. நல்லது. எந்தத் தோட்டத்துக்கு? தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலம் பயிரிடுகிற, 5 எக்டேரோ அதற்கு மேலோ உள்ள, 15 பேராவது வேலை செய்கிற தோட்டத்துக்கு. ஏலத்தில் சிறு தோட்டங்கள் ஏராளம். மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் இந்தச் சட்டத்துக்குள் வரவே மாட்டார்.

மூன்று: பெரிய தோட்டமாகவே இருந்தாலும் அங்கே குடியிருக்கிற நிரந்தரத் தொழிலாளியை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. லயத்தில் குடியிருப்பவர், தோட்டத்து ஆஸ்பத்திரி, தோட்டத்துப் பதிவேடு. தினமும் வந்து தினமும் இறங்குகிற பெண்ணுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இருப்பது ஜீப்பும் ஆள் கூட்டிப் போகிறவரும்தான். பதிவேட்டில் பெயர் ஏறாமலே ஒரு ஆயுள் முழுக்க வேலை செய்துவிடலாம்.

நான்கு: பருவகால ஆலைகளுக்கு 1948 சட்டத்திலேயே விலக்கு உண்டு. பஞ்சு அரைக்கிற ஜின்னிங் ஆலை, நிலக்கடலை உடைக்கிற ஆலை, சர்க்கரை, வெல்லம், தேயிலை, காப்பி ஆலைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். பருத்திக்கும் கரும்புக்கும் பேர்போன தேனி மாவட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்லத் தேவையில்லை. இங்கே 'விலக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்காவில் விலக்கு தொழிலாளிக்கு. இங்கே விலக்கு முதலாளிக்கு!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உத்தமபாளையம் பக்கத்துப் பெண் ஒருவர். ஆறு மாதத்தில் ஒரு தோட்டத்தில் 30 நாள், இன்னொரு தோட்டத்தில் 25 நாள், கீழே பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் 28 நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 83. இ.எஸ்.ஐ. கேட்கிற 78-ஐ விட ஐந்து நாள் அதிகம். சட்டத்தின் கணக்கில் எத்தனை நாள்? பூஜ்யம். மூன்று இடத்திலும் வேலை செய்திருக்கிறார், மூன்று இடத்திலும் எழுதப்படவில்லை.

வேலை இல்லாத நாள் யார் குற்றம்?

இவர்களையும் நாள் கணக்கில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதிலும் ஒரு சிக்கல். ஏலக்காய் அறுவடை பெரும்பாலும் ஆடி, ஆவணியில் சூடு பிடித்து தை, மாசியோடு அடங்கும். பெருமழை பெய்தால் வேலை இல்லை. கோடையில் வேலை குறைவு. மழையும் வெயிலும் தீர்மானிக்கிற விஷயம் இது, உழைப்பாளியின் மனசு தீர்மானிப்பது இல்லை.

போதாததற்கு எல்லை வேறு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது மலைப் பாதைகள் அடைபட்டன. தோட்ட வேலைக்குப் போனவர்கள் உயிருக்குப் பயந்து இறங்கி வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் இடுக்கி மலைச்சாலைகள் சரிந்தன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து எல்லையே மூடப்பட்டது. மூன்று முறையும் வேலை நின்றது. ஒரு முறையாவது இந்தப் பெண்கள் வேலை வேண்டாம் என்று சொன்னார்களா?

நாள் கணக்கு வைத்து வைத்தியம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொரோனா காலத்தில், அதாவது வைத்தியம் மிக அவசியமான நேரத்தில், வேலை இல்லை என்ற காரணத்தாலேயே வைத்தியமும் இல்லாமல் போயிருக்கும். மழைக்காலத்தில் குடையைப் பிடுங்கிக்கொள்கிற கதை.

இன்னொன்று. வேலைதான் இவர்களை நோயாளி ஆக்குகிறது. ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பது கொஞ்ச நஞ்சம் இல்லை. அந்த ஈரத்திலேயே நின்று காய் எடுக்க வேண்டும். குளிர், அட்டை, பாம்பு, நாள் முழுக்கக் குனிந்த முதுகு. மலைப்பாதையில் ஆள் நெருக்கிய ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகள் தேனிக்காரர்களுக்குப் புதிது இல்லை. மில் தொழிலாளி வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டால் அதை வேலைக் காயமாகவே கருத வேண்டும் என்று 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தினார்கள். ஜீப் பெண்கள் அந்தச் சட்டத்திலேயே இல்லாததால் திருத்தமும் இவர்களைத் தொடவில்லை. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, வழி விபத்தை மற்ற தொழிலாளருக்கும் பொருத்துகிறது. ஆனால் இழப்பீடு கேட்க முதலில் முதலாளி யார் என்று நிரூபிக்க வேண்டும். மறுபடியும் அதே காகிதம்!

அடுத்த கதவு: ஏழை என்று நிரூபி

"இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால் என்ன, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே?" நியாயமான கேள்வி. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதில் வேலை நிபந்தனை கிடையாது. யார் ஆட்சியில் வந்தது என்று சண்டை போடாமல் பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் இதற்கு வருமான வரம்பு உண்டு. 72,000 ஆக இருந்ததை 2022-இல் 1,20,000 ரூபாய் ஆக்கினார்கள். தனி ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. இப்போது சின்ன வாய்ப்பாடு. நாள் கூலி 400 ரூபாய் என்று வையுங்கள். 400 × 300 = 1,20,000. வருடத்தில் 300 நாள் ஒருவர் உழைத்தால் வரம்பைத் தொட்டுவிடுவார். கணவன் மனைவி இருவரும் என்றால் ஆளுக்கு 150 நாளே போதும். இ.எஸ்.ஐ. வரம்போ மாதம் 21,000, அதாவது வருடத்துக்கு 2,52,000. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற, முறையான வேலை இல்லாத குடும்பம் எங்கே போகும்?

ஒரு கவுண்டரில் "நிறைய நாள் வேலை செய்தேன் என்று காட்டு" என்கிறார்கள். அடுத்த கவுண்டரில் "நிறைய நாள் வேலை செய்யவில்லை என்று காட்டு" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கிராம நிர்வாக அலுவலரின் ஈரமான மனசும் வருமானச் சான்றிதழும்தான் இந்தப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கை இப்படி ஒரு அதிகாரியின் தயவில் ஓடலாமா?

இந்தக் காப்பீடு முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். முதுகு வலிக்கும், தோல் அரிப்புக்கும், ரத்த சோகைக்கும் ஆரம்ப சுகாதார நிலையம்தான் கதி. அங்கே யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, மருந்தும் இலவசம். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனால் புறநோயாளிகளைப் பார்க்கிற காலை நேரத்தில் ஜீப் மலை ஏறிக்கொண்டிருக்கும். தேனி க.விலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஃபீஸ் இல்லாத ஆஸ்பத்திரிக்கு இவர்கள் கட்டுகிற ஃபீஸ் அந்த ஒரு நாள் கூலி. வேலைக்குப் போனால்தான் வைத்தியம் என்று பேசுகிறவர்களுக்கு, வேலைக்குப் போவதால்தான் வைத்தியத்துக்குப் போக முடியவில்லை என்கிற சங்கதி தெரியுமா?

விலக்கு கொடுத்தால் போதாதா?

வேலை நிபந்தனையை ஆதரிப்பவர்களின் கடைசி ஆயுதம் இது. "நோயாளிக்கு விலக்கு, கர்ப்பிணிக்கு விலக்கு, முதியவருக்கு விலக்கு கொடுத்துவிடலாம். பிறகென்ன?"

விலக்கு தானாக வராது. கேட்டு வாங்க வேண்டும். நோயாளி என்று விலக்கு வாங்க டாக்டர் சான்று வேண்டும். டாக்டரைப் பார்க்க வைத்தியத் தகுதி வேண்டும். தகுதிக்கு விலக்கு வேண்டும்! கயிறு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து கட்டுகிறது.

இங்கேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் சேர 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 18 முதல் 60 வயதும், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலையும் கேட்டது. புதுத் தொகுப்பிலும் அந்த 90 நாள் தொடர்கிறது. வருடத்தில் 90 நாள் வேலை இல்லாவிட்டால் பயனாளி என்ற தகுதி போகும். விலக்கு? வேலையின்போது விபத்தில் காயம்பட்டு வீட்டில் கிடந்த நாட்களைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். சரி, விபத்து இல்லாமல் மஞ்சள் காமாலையில் மூன்று மாதம் படுத்தால்? மாமியாரைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டால்? எத்தனை விலக்கு எழுதினாலும் வாழ்க்கை அந்தப் பட்டியலை விட நீளமாகத்தான் இருக்கும்.

விலக்குப் பட்டியல் நீள நீள, அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும், ஆபீஸ் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கண்டுபிடிக்கச் செலவழிகிற பணம் மருந்துக்குப் போக வேண்டிய பணம்.

பழைய பாடம் ஒன்று

உழைத்தால்தான் உதவி என்பதை இந்த மண் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சம். சோம்பேறிகள் நிவாரணத்தில் புகுந்துவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு கவலைப்பட்டது. ஊரிலிருந்து தூரத்தில் உள்ள முகாமுக்கு வந்து உடல் உழைப்புச் செய்தால்தான் உதவி என்றார்கள். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியையும் குறைத்தார். ஒரு நாள் முழுக்க வேலை செய்தவருக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று மருத்துவராக நின்று எதிர்த்தார். சில மாதங்களில் அளவைக் கூட்ட வேண்டி வந்தது. அதற்குள் போன உயிர்கள் போனதுதான்.

அன்றைக்கும் விலக்கு இருந்தது. உழைக்க முடியாதவர்களுக்கு இலவசக் கஞ்சி உண்டு. ஆனால் உழைக்க முடியாது என்று அதிகாரி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒருவர் மெலிய வேண்டும். தெரியும்போது பலருக்கு நேரம் கடந்திருக்கும். விலக்கு என்பதன் குணம் அன்றும் இன்றும் அதுதான்.

எதிர்வாதங்கள்

"இ.எஸ்.ஐ. சந்தா கட்டி வாங்குகிற காப்பீடு. சந்தா கட்டாதவருக்கு எப்படிக் கொடுப்பது?" பணமாகக் கொடுக்கிற உதவித்தொகைக்கு இந்த வாதம் பொருந்தும். 78 நாள் சந்தா கட்டியவருக்கு 70 சதவீதச் சம்பளம் என்பதில் தவறில்லை. வைத்தியத்துக்குப் பொருந்தாது. ஒருவருக்குக் காசநோய் வந்து வைத்தியம் இல்லாவிட்டால் அதே ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்கும் வரும். கிருமி சந்தாக் கணக்கைப் பார்ப்பதில்லை.

"எல்லோருக்கும் கொடுத்தால் ஏமாற்றுவார்கள்." வைத்தியத்தில் என்ன ஏமாற்ற முடியும்? ஓசியில் கிடைக்கிறது என்று யாராவது குடல்வால் ஆபரேஷன் செய்துகொள்வார்களா? பொய் பில் போட்டு ஏமாற்றுவது பெரும்பாலும் படுக்கையில் கிடப்பவர் இல்லை. அதைப் பிடிக்க ஆஸ்பத்திரிக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும், காய் எடுக்கிற பெண்ணின் வருகைப் பதிவேட்டை இல்லை.

"பணத்துக்கு எங்கே போவது?" இதுதான் உண்மையான கேள்வி. இதற்கு விடை போடிநாயக்கனூரிலேயே இருக்கிறது.

ஆளை எண்ணாதே, கிலோவை எண்ணு

ஏலக்காயில் பெரும்பகுதி நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் போகிறது. ஒன்று போடியில், இன்னொன்று இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில். எந்த லாட், எத்தனை கிலோ, என்ன விலை எல்லாம் பதிவாகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குக் கூட விலை போனது. ஆக, காய்க்குக் காகிதம் இருக்கிறது. அதைப் பறித்த கைக்குத்தான் இல்லை!

அப்படியென்றால் காகிதம் இருக்கிற இடத்தில் பணத்தை வசூலிக்க வேண்டியதுதானே? இது புதுமையும் இல்லை. பீடித் தொழிலாளர் நல நிதிக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடி உற்பத்தியின் மீதே தீர்வை போட்டார்கள். அதில் பீடித் தொழிலாளர்களுக்கு மருந்தகங்கள் நடந்தன. (2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்தார்கள் என்பது தனிச் சோகம்.) கட்டுமான வாரியத்துக்கும் கட்டடச் செலவில் 1 சதவீதம் வசூலாகிறது. யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்று தெரியாவிட்டாலும் எவ்வளவு பொருள் விற்றது என்று தெரியும். ஏலக்காய் விலையில் ஒரு சிறு பங்கு இ.எஸ்.ஐ. கணக்குக்குப் போகட்டும். தோட்டம் மூன்று ஏக்கரா முந்நூறு ஏக்கரா என்ற கேள்வியே வராது. இ.எஸ்.ஐ. மத்தியச் சட்டம் என்பதால் வேலை கேரளாவில், வீடு தமிழ்நாட்டில் என்ற சிக்கலும் இல்லை.

தொழிலாளியை அடையாளம் காண்பது எப்படி? 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் தன் தொழிலைத் தானே சொல்லிப் பதிந்துகொள்ள முடிகிறது. முதலாளி கையெழுத்து தேவையில்லை. வைத்தியத்துக்கு அந்த அட்டையே போதும் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

புதுச் சட்டத்தொகுப்பில் தோட்டங்களுக்கு இ.எஸ்.ஐ. கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எப்படி? தோட்ட முதலாளி விரும்பினால் சேரலாம்! தொழிலாளி விரும்பினால் என்று எழுதவில்லை. கூலி கொடுப்பவர் தன் செலவைத் தானே கூட்டிக்கொள்ள ஆசைப்படுவார் என்று நம்புகிறது அந்தச் சட்டம். அந்த 'விரும்பினால்' என்ற சொல் போக வேண்டும். பருவகால ஆலைகளுக்கு எத்தனை வருடமாகவோ இருந்து வந்த சலுகை போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் இந்த வட்டாரத்திலாவது ஜீப் இறங்குகிற மாலை நேரத்தில் திறந்திருக்க வேண்டும். இதெல்லாம் புரட்சி இல்லை. ஒரு அரசாணையிலும் இரண்டு சட்டத் திருத்தத்திலும் முடிகிற வேலை.

வைத்தியத்துக்குத் தகுதி நோய்தான். வேறு தகுதி தேடுகிறவர்கள் ஒரே ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பத்தில் நின்று பார்க்கட்டும். அந்த ஜீப்புகளில் ஏறுகிறவர்களிடம், "நீங்கள் வேலை செய்வதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிற தைரியம் யாருக்காவது இருக்கிறதா?